நீரிழிவு நோயாளரும் நெடுநேர இன்சுலின் மாற்றமும்

விதை இரகத்தை மாற்றக் கருதும் உழவர் எவரும் மூட்டையை மட்டும் மாற்றிவிட்டு வாளா இருப்பதில்லை. புதிய இரகத்தின் வயது எத்தனை நாள், ஏக்கருக்கு விதை எவ்வளவு, மேலுரம் இடவேண்டிய தருணம் எது என்று நாலு பேரைக் கேட்டறிந்த பின்னரே நாற்றங்காலில் இறங்குகின்றனர். பழைய இரகத்திற்குச் செய்த பக்குவத்தையே புதியதற்கும் செய்தால் விளைச்சல் கெடும் என்பது அவர்கள் அனுபவத்திற் கண்ட உண்மை. ஆனால், அதே உழவர் தம் உடலிற் செலுத்திக்கொள்ளும் மருந்து மாறும்பொழுது இத்தனை கேள்விகளைக் கேட்பதில்லை. இன்சுலினைப் பொறுத்தவரையில் இந்த அசட்டை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

நாம் மருத்துவர் அல்லோம். மருந்தின் வகையையும் அளவையும் வகுப்பது மருத்துவரின் பொறுப்பு. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. எனினும், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு கடைக்கும், கடையிலிருந்து வீட்டிற்கும் வந்து சேர்வதற்குள் நேரும் தவறுகள் பல. அவற்றைத் தடுக்கவல்லவர் நோயாளரும், அவர் குடும்பத்தாரும், ஊரிலுள்ள விவரமறிந்தோருமே ஆவர். அத்தகைய விவரமறிந்தோராக ஊராட்சி உறுப்பினர்கள் விளங்கவேண்டும் என்னும் நோக்கத்துடன் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நோயின் பரவல்

நீரிழிவு நகரத்தாரின் நோய், உழைத்து உண்பவரை அது அண்டாது என்று முன்னர் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் இன்று பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. நகரங்களில் வயது வந்தோருள் நூற்றுக்கு 16 பேருக்கும், கிராமங்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் இது காணப்படுகிறது. இவர்களுட் பலர் மாத்திரையாலேயே நலம் பெறுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மாத்திரை போதாமற்போய், ஒரு சாரார் இன்சுலின் ஊசிக்கு வருகின்றனர். சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் பெரும்பாலும் காணப்படும் முதல் வகை நீரிழிவிலோ, தொடக்கம் முதலே இன்சுலின் இன்றி உயிர் வாழ்தல் இயலாது.

மருந்தின் வரலாறு

இன்சுலின் நம் உடலில் கணையம் என்னும் உறுப்பு சுரக்கும் பொருள். உணவிலிருந்து இரத்தத்திற் சேரும் சர்க்கரையை உடலின் அணுக்கள் ஏற்றுப் பயன்படுத்துமாறு செய்வது அதன் தொழில். 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் விலங்கின் கணையத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இது முதன்முதலாக ஏற்றப்பட்டது.

அந்நாளைய இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தது. ஆகவே நோயாளர் நாளொன்றுக்குப் பல முறை ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது. இக்குறையைப் போக்க, டென்மார்க் நாட்டு ஹாகடார்ன் 1936-இல் மீனிலிருந்து கிடைக்கும் ஒரு புரதத்தை இன்சுலினுடன் சேர்த்து, அது மெதுவாகக் கரையுமாறு செய்தார். 1946-இல் அது மேலும் செம்மை பெற்றது. இன்றும் நம் மருத்துவமனைகளில் வழங்கும் என்.பி.எச். என்னும் கலங்கல் நிற இன்சுலின் அதுவே. 2000-ஆம் ஆண்டில் கிளார்ஜின் என்னும் புதிய நெடுநேர இன்சுலின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. அதன்பின் டெடமிர், டெக்ளூடெக் முதலியன வந்தன. வாரம் ஒரு முறை மட்டும் போடத்தக்க ஒரு வகையும் 2024-இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது. வருவதுபோலவே சில வகைகள் போவதும் உண்டு. அமெரிக்காவில் டெடமிர் விற்பனை 2024-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அதனைப் பயன்படுத்தியவர் அனைவரும் வேறொன்றிற்கு மாறவேண்டியவராயினர். இதனின்று நாம் அறிவது யாதெனில், இன்சுலின் வகையை மாற்றும் தேவை எந்த நோயாளருக்கும் என்றேனும் ஒரு நாள் வரலாம் என்பதே.

பழையதும் புதியதும்

பழைய என்.பி.எச். இன்சுலினுக்கும் கிளார்ஜினுக்கும் உள்ள வேறுபாட்டை உழவர் எளிதில் உணரலாம். யூரியாவை வெறுமனே இட்டால் விரைவிற் கரைந்து, பயிருக்குச் சிறிது காலம் மிகுதியாகவும் பின்னர் குறைவாகவும் சத்துக் கிட்டுகிறது. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவோ மெல்ல மெல்லச் சத்தை விடுகிறது. இன்சுலின் வகைகளுக்கிடையேயும் இத்தகைய வேறுபாடே உள்ளது.

என்.பி.எச். இன்சுலின் போட்ட பின் ஏறத்தாழ 4 முதல் 10 மணி நேரத்திற்குள் அதன் வேகம் உச்சத்தை எட்டும். பின்னர்ப் படிப்படியாகத் தணியும். இரவு 9 மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவிற்குப்பின் வரும். அந்நேரத்தில் நோயாளர் உறங்கிக்கொண்டிருப்பார். வயிற்றில் உணவும் இராது. எனவே சிலருக்கு நள்ளிரவிற் சர்க்கரை மிகத் தாழ்ந்து விடுகிறது.

கிளார்ஜின் குப்பியில் இருக்கும்பொழுது அமிலத் தன்மையுள்ள தெளிந்த நீராக உள்ளது. தோலுக்கடியிற் சென்றதும் அமிலத் தன்மை நீங்கவே, அது மிக நுண்ணிய துகள்களாகப் படிந்து, அத்துகள்கள் சிறிது சிறிதாகக் கரைகின்றன. மதகைத் திறந்து விட்ட நீரைப்போல் அன்றி ஊற்றுக்கண்ணிலிருந்து கசியும் நீரைப்போல, ஏறத்தாழ 24 மணி நேரமும் அது ஒரே சீராக இரத்தத்திற் சேர்கிறது. இதனால் நள்ளிரவுத் தாழ்சர்க்கரை குறைகிறது.

இவ்வாறு கூறுவதால் பழைய இன்சுலின் கீழானது என்று எவரும் கருதலாகாது. பழையதாலேயே நலமாக இருப்பவர் இலட்சக்கணக்கானோர். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் புதிய நெடுநேர வகைகளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்ததாயினும், பழையதை அதிலிருந்து நீக்கவில்லை. புதியதன் விலை கூடுதல். விலைக்கு அஞ்சி நாள்விட்டு நாள் புதியதைப் போடுபவரைக் காட்டிலும், பழையதை நாள்தோறும் தவறாது போடுபவரே நலமுற்று வாழ்வர். நள்ளிரவிற் சர்க்கரை தாழ்தல் போன்ற காரணம் இருந்து, மருத்துவரும் மாற்றுமாறு கூறினால் மட்டுமே மாற்றுதல் தகும்.

ஓர் ஊரில் நிகழ்ந்தது

நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் நிலக்கடலை பயிரிடும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். பல ஆண்டுகளாக இரவில் 20 யூனிட் என்.பி.எச். இன்சுலின் போட்டு வந்தார். இரவில் வியர்த்து விழித்துக்கொள்வதாகக் கூறியதன்பேரில், மருத்துவர் அதனை நிறுத்தி 20 யூனிட் கிளார்ஜின் எழுதிக்கொடுத்தார். நகரத்துக் கடையொன்றிற் புதிய குப்பியை வாங்கி வந்தார். வீட்டிற் பழைய ஊசிக்குழல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை வீணாக்குவானேன் என்று அவற்றில் ஒன்றையே எடுத்து, வழக்கம்போல் 20 என்னும் கோடு வரையில் மருந்தை ஏற்றிப் போட்டுக்கொண்டு படுத்தார்.

விடியற்காலையில் அவர் மனைவியார் எழுந்து பார்த்தபொழுது, பெரியவர் உடல் வியர்வையால் நனைந்திருந்தது, பேச்சுக் குழறியது, எழுப்பினால் கையை ஓங்கினார். காற்றுக் கருப்பு என்று அண்டை வீட்டார் ஐயுற்றுப் பூசாரியை அழைக்க எண்ணினர். அவ்வழியே பால் ஊற்றச் சென்ற வார்டு உறுப்பினர் அம்மையார் இதனைக் கண்டு, “ஐயா இன்சுலின் போடுகிறவர் ஆயிற்றே!” என்று கூறி, உடனே 108 ஊர்திக்குச் சொல்லிவிட்டார். மருத்துவமனையிற் சர்க்கரை நீர் ஏற்றியதும் பெரியவர் கண் விழித்தார். எனினும், போட்ட மருந்து நெடுநேரம் வேலை செய்வதாதலின், மறுநாள் வரையில் அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று.

நிகழ்ந்தது யாது? பழைய குப்பியில் ஒரு மில்லி மருந்தில் 40 யூனிட் இருந்தது. புதிய குப்பியில் ஒரு மில்லியில் 100 யூனிட். பழைய ஊசிக்குழல் 40 யூனிட் மருந்துக்கென அளவிடப்பட்டது. அதில் 20 என்னும் கோடு அரை மில்லியைக் குறிக்கும். புதிய மருந்தில் அரை மில்லி என்பது 50 யூனிட். 20 யூனிட் போடுவதாக எண்ணிய பெரியவர் 50 யூனிட் போட்டுக்கொண்டார்! மருத்துவர் எழுதியது சரி. பெரியவர் எண்ணிய கோடும் சரி. குழலும் குப்பியும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே பிழை. கடையில் எவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து

இன்சுலின் மாறும்பொழுது, மருத்துவமனையை விட்டு வெளிவருவதற்கு முன்னரே கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கு விடை பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, மருந்தின் செறிவு எவ்வளவு? ஒரே பூச்சிமருந்து 20 விழுக்காட்டுச் செறிவிலும் 50 விழுக்காட்டுச் செறிவிலும் விற்பதை உழவர் அறிவர். இரண்டிற்கும் ஒரே மூடி அளவைப் பயன்படுத்தினால் பயிர் கருகும். இன்சுலினும் அவ்வாறே. நம் நாட்டில் 40 யூனிட் மருந்துக்கான ஊசிக்குழலின் மூடி சிவப்பு நிறம். 100 யூனிட் மருந்துக்கானது ஆரஞ்சு நிறம். குப்பியின் மேல் 40 என்றிருந்தால் சிவப்பு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு. இந்த ஒரு விதியை வீட்டிலுள்ள சிறுவர் முதலாக அனைவரும் மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும். மாற்றிப் பயன்படுத்தினால் ஒரு பக்கம் மிகையும், மறுபக்கம் குறையும் நேரும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிக் குழலில் 20 கோடு வரை எடுத்தால் உடலிற் சேர்வது 8 யூனிட்டே. பேனா ஊசி பயன்படுத்துவோர்க்கு இத்தொல்லை இல்லை. அதன் திருகு யூனிட்டையே காட்டும். ஆனால், பேனாவின் மருந்தைக் குழலால் உறிஞ்சி எடுத்தல் ஒருபொழுதும் ஆகாது.

இரண்டாவது, அளவு அதேதானா? என்.பி.எச். இன்சுலினை ஒரு வேளை போட்டவர் கிளார்ஜினுக்கு மாறும்பொழுது பெரும்பாலும் அதே யூனிட்டில் தொடங்குவர். இரு வேளை போட்டவருக்கோ, இரண்டையும் கூட்டி அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குதல் மருத்துவ வழக்கம். காலையில் 18, இரவில் 12 என மொத்தம் 30 யூனிட் போட்டவர், 24 யூனிட்டில் தொடங்குவார். இக்கணக்கு மருத்துவர் கூறுவதைப் புரிந்துகொள்வதற்கே யன்றி, நாமாக அளவை வகுத்துக்கொள்வதற்கு அன்று.

மூன்றாவது, எந்த நேரத்தில் போடவேண்டும்? கிளார்ஜினை நாளொன்றுக்கு ஒரு முறை, குறித்த நேரத்திற் போடுவர். காலையோ இரவோ, எந்நேரம் குறிக்கப்பட்டதோ அந்நேரம் நாள்தோறும் மாறாதிருத்தல் வேண்டும். பழையதன் கடைசி ஊசி எப்பொழுது, புதியதன் முதல் ஊசி எப்பொழுது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்க. இரண்டையும் சேர்த்துப் போட்டு மயங்கியவரும் உண்டு.

நான்காவது, மருந்தின் தோற்றம் எவ்வாறிருக்கும்? என்.பி.எச். கலங்கலானது, உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலந்த பின்னரே எடுக்கவேண்டும். கிளார்ஜின் தெளிந்த நீர் போன்றது, உருட்டவேண்டுவதில்லை, கலங்கியிருந்தால் அது கெட்டுப்போனதென்று அறிந்து விலக்கவேண்டும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. உணவுக்கு முன் போடும் ரெகுலர் இன்சுலினும் தெளிந்த நீர் போன்றதே. இதுகாறும் ‘தெளிந்தது சாப்பாட்டுக்கு, கலங்கியது இரவுக்கு’ என்று அடையாளம் வைத்திருந்தவர், இனி அவ்வடையாளத்தை நம்பலாகாது. குப்பிகளுக்கு வெவ்வேறு நிற நூலைக் கட்டி வேறு வேறிடத்தில் வைத்தல் நலம். மேலும், கிளார்ஜினை வேறெந்த இன்சுலினுடனும் ஒரே குழலிற் கலக்கக்கூடாது.

ஐந்தாவது, மற்ற மருந்துகள் என்னாகும்? நம் நாட்டில் 30-க்கு 70 என்ற கலவை இன்சுலினைப் பலர் போடுகின்றனர். அதில் 30 பங்கு உணவின் சர்க்கரையைக் கவனிக்கும் விரைவு இன்சுலின். 70 பங்கு நெடுநேர வேலை செய்வது. அதனை நிறுத்திவிட்டு நெடுநேர இன்சுலினை மட்டும் போட்டால், உணவின் சர்க்கரையைக் கவனிக்க ஆளில்லாமற் போகும். அதற்கு மாத்திரையா, தனி ஊசியா என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. முதல் வகை நீரிழிவு உடையவர் விரைவு இன்சுலினை ஒருபொழுதும் நிறுத்தலாகாது.

அறுவடையிற் பணம் வந்தபொழுது புதியதை வாங்கிப் போட்டு, கையிற் காசு குறைந்ததும் பழையதற்குத் திரும்புவோரும் உளர். திரும்புவதும் ஒரு மாற்றமே. அப்பொழுதும் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டே ஆகவேண்டும்.

முதற் சில வாரங்கள்

புதிய நெடுநேர இன்சுலின் உடலில் நிலைபெற மூன்று நான்கு நாட்கள் ஆகும். முதல் நாள் காலையிற் சர்க்கரை சற்று மிகுதியாக இருப்பதைக் கண்டு அன்றிரவே அளவைக் கூட்டிவிடுதல் தவறு. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றிற் பரிசோதித்து, அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டவேண்டும். உண்ட உணவு, செய்த வேலை, ஊசி போட்ட நேரம் ஆகியவற்றையும் அதில் எழுதுதல் பெரிதும் பயன் தரும்.

உழவுத் தொழில் ஒரு நாளைப்போல் மறுநாள் இருப்பதில்லை. வரப்பு வெட்டும் நாளிலும் கதிரறுக்கும் நாளிலும் உடல் சர்க்கரையை மிகுதியாகச் செலவிடுகிறது. சும்மா இருக்கும் நாளில் செலவு குறைகிறது. எனவே நடவு, அறுவடை, விரதம், திருவிழா ஆகியவற்றையொட்டி இன்சுலின் வகையை மாற்றாதிருப்பது நலம். கடின வேலை நாட்களில் என்ன செய்வது என்பதை முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். ஊசியைத் தொடையிலும் கையிலும் போடுவதைக் காட்டிலும் வயிற்றிற் போடுதல், உழைப்போருக்கு ஏற்றது. ஒரே இடத்தில் நெடுநாள் போட்டால் அங்கே கட்டி தோன்றி மருந்து சரியாக ஏறாது. அவ்விடத்தை விட்டு நல்ல இடத்திற் போடத் தொடங்கினால் அதே அளவு மருந்தே மிகையாக வேலை செய்யக்கூடும். இதனையும் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும்.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகள்

வியர்வை, நடுக்கம், கடும்பசி, நெஞ்சு படபடப்பு, கண் மங்கல், காரணமற்ற சினம், குழறிய பேச்சு ஆகியன இதன் அறிகுறிகள். இரத்தத்திற் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் தாழ்சர்க்கரை என்பர். பரிசோதிக்கும் கருவி இல்லையாயின், ஐயம் வந்த உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கலந்து பருகச் செய்க. கால் மணி நேரத்திற் குறையாவிடில் மீண்டும் அவ்வாறே செய்க. தெளிந்தபின் இட்லியோ சோறோ உண்ணவேண்டும். நெடுநேர மருந்து இன்னும் உள்ளே வேலை செய்கின்றது என்பதை மறத்தலாகாது. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழலிற் சென்று உயிர் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குச் சொல்லவேண்டும். வயலுக்குச் செல்லும்பொழுது மடியில் வெல்லமோ சர்க்கரையோ முடிந்து செல்லுதல் இன்சுலின் போடும் ஒவ்வோர் உழவரின் வழக்கமாகவேண்டும்.

மருந்தைக் காத்தல்

திறவாத குப்பியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கவேண்டும். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தால் மருந்து கெடும். ஒரு முறை உறைந்ததை மீண்டும் பயன்படுத்தலாகாது. பயன்படுத்தி வரும் கிளார்ஜின் குப்பியை 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு மண்கலயத்தை வைத்து, நீர் புகாத உறையிலிட்ட மருந்தை அதனுள் நிழலில் வைத்தல் உதவும். மோட்டார்க் கொட்டகையின் கூரையடியிலும் வண்டிப் பெட்டியிலும் வைத்த மருந்து வெயிலிற் பயனற்றுப் போகும்.

ஊராட்சி மன்றத்தின் கடமை

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், நீரிழிவு மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. ஊரில் இன்சுலின் போடுபவர் எவரெவர் என்பதைச் சுகாதாரத் தன்னார்வலர் அறிவர். ஊராட்சி உறுப்பினர் அவருடன் கூடி, மருந்து மாறியவர் வீட்டிற்கு முதல் வாரத்தில் ஒரு முறை சென்று, குப்பியின் எண்ணும் குழலின் மூடி நிறமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே பேருதவியாகும். கிராம சபையிற் செவிலியரை அழைத்துக் கால் மணி நேரம் செய்துகாட்டச் செய்யலாம். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையிற் போட்டால் தூய்மைக் காவலரின் கையைக் குத்தும். அவற்றைக் கெட்டியான மூடியுள்ள கலத்தில் இட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திற் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

மேலே கூறிய பெரியவர் இன்று நலமாக இருக்கின்றார். அதே கிளார்ஜினை, அதே 20 யூனிட்டை, ஆரஞ்சு மூடிக் குழலாற் போட்டு வருகின்றார். நள்ளிரவு வியர்வை நின்றுவிட்டது. மருந்து அன்றும் நல்லதாகவே இருந்தது. அதனுடன் மாறவேண்டிய குழல் மாறாததே அன்று நேர்ந்த குறை. புதிய இரகத்தை விதைக்கும்பொழுது பக்குவத்தையும் கேட்டு வாங்குவது நம் உழவரின் பரம்பரை அறிவு. அவ்வறிவை நாற்றங்காலோடு நிறுத்தாமல் மருத்துவமனை வாயில் வரையில் கொண்டு சென்றால், இன்சுலின் மாறும் வீடுகளில் அச்சத்திற்கு இடமிராது.